பார்த்த கால், ஆடிய கால்

வலது முன்னே. இடது பக்கத்தில் வந்து ஒரு தட்டு. அரைத் திருப்பு. குனிந்து ஒரு கைதட்டு, நிமிர்ந்து பின்வாங்கு. எட்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும். இந்த அடிக்குப் பெயர் கிடையாது. அன்னூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திடலில் வள்ளிக்கும்மி பழக்கும் ஆசிரியர் இதை ‘ரெண்டாவது’ என்கிறார். “ரெண்டாவதப் போடுங்க” என்று மைக்கில் சொன்னதும் திடலில் நிற்கும் எல்லாக் கால்களும் அதைப் போடவேண்டும். போடுகின்றனவா என்பது வேறு சங்கதி.

என் அக்கா மகள் அங்கே பழகுகிறாள். ஏழாம் வகுப்பு. இரவு ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதரை வரை போகும் பழக்கம். அவளைக் கூட்டிவரும் வேலை பத்துநாள் என் தலையில் விழுந்தது. கூடவே என் அம்மாவும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதல் இரண்டு நாள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: ஆசிரியர் எதையும் விளக்கவேயில்லை. காலை எவ்வளவு தூக்கவேண்டும், எடையை எந்தக் குதிகாலில் போடவேண்டும், திரும்பும்போது இடுப்பு முந்துமா தோள் முந்துமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஆடிக் காட்டுகிறார், அவ்வளவுதான். அவர் காலுக்கும் அந்தச் சிறுமியின் காலுக்கும் நடுவே முப்பது அடி வெறும் காற்று. அதைத் தாண்டி ரெண்டாவது எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த வழியாகப் போகிறது?

திடலில் ஒரே ஒரு ஃபோகஸ் விளக்கு. வட்டத்தின் அந்தக் கோடியில் ஆசிரியர் இருட்டுக்குள் போகும்போது தெரிவதெல்லாம் தலைப்பாகையின் வெள்ளை, கைக்கடிகாரத்தின் மினுக்கம், சலங்கையின் நாலைந்து மணி. ஆனாலும் அவர் குனிகிறாரா திரும்புகிறாரா என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 1973-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் இதையே சோதனையாகச் செய்து காட்டினார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து, ஆளை இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்தார். அசையாமல் நின்றால் அவை வெறும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். நகர்ந்தால் பார்ப்பவர் உடனே “மனுசன் நடக்கிறான்” என்றுவிடுவார். ஐந்தில் ஒரு பங்கு நொடி பார்த்தாலே போதும் என்று பிறகு கணக்கிட்டார்.

அப்படியென்றால் ரெண்டாவது கண்ணுக்குள் நுழையும்போது அதற்குச் சட்டையும் இல்லை, சதையும் இல்லை. மூட்டுகளின் நகர்வாகத்தான் நுழைகிறது. பிடரிப் பக்கம் உள்ள பார்வைப் புறணியில் முதல் தங்கல். அங்கிருந்து காதுக்கு மேலே பக்கவாட்டில் ஓடும் ஒரு மடிப்புக்கு வருகிறது. உயிருள்ள உடம்பின் அசைவு என்றால் துள்ளும் செல்கள் அங்கே இருக்கின்றன. 1980-களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் டேவிட் பெரெட் குழுவினர் குரங்குகளில் அவற்றைப் பதிவுசெய்தார்கள். இதுவரைக்கும் ரெண்டாவது ஒரு காட்சிதான். அடுத்த தங்கலில்தான் சங்கதி மாறுகிறது.

மருதமலைப் படியேறியவர்களுக்கு அங்குள்ள குரங்குகளைத் தெரிந்திருக்கும். நம் கை பைக்குள் போனதுமே குரங்கு நம் முகத்தைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். எடுக்கப்போவது பழமா, விரட்டுவதற்கு வைத்திருக்கும் குச்சியா என்று பாதியிலேயே முடிவுகட்டிவிடும். பழமென்றால் நாம் வெளியே எடுப்பதற்குள் அதன் கை நீண்டிருக்கும். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிஸ்ஸோலாத்தியின் ஆய்வகத்தில் இருந்தவையும் இதே மக்காக் இனக் குரங்குகள்தான், வேறு வகை. கையால் பொருளைப் பற்றும்போது மூளையின் முன்பகுதியில் எந்தச் செல் இயங்குகிறது என்று மெல்லிய மின்கம்பி செருகி அளந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பகுதிக்கு எஃப்5 என்று பெயர். கை அசைவதற்குமுன் திட்டம் போடும் இடம். குரங்கு தானே ஒன்றை எடுத்தால் அங்கே சில செல்கள் துடிப்பது எதிர்பார்த்ததுதான். ஆய்வாளர் எடுத்ததைக் குரங்கு சும்மா உட்கார்ந்து பார்த்தபோதும் அதே செல்கள் துடித்தன. வேலைசெய்யும் கருவி வேலையைப் பார்க்கும்போதும் இயங்கியது.

இதை எழுதி ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார்கள்; பொது வாசகருக்கு ஆர்வம் தராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1992-இல் வேறொரு துறை இதழில் வந்தது. 1996-இல் அந்தச் செல்களுக்குக் கண்ணாடி நியூரான் என்று பெயர் வந்த பிறகு ஆர்வத்துக்குக் குறைவேயில்லை. 2001-இல் அதே குழு, பொருளை ஒரு தட்டிக்குப் பின்னால் வைத்தது. தட்டிக்குப் பின்னே பொருள் இருப்பதைக் குரங்கு முன்பே பார்த்திருந்தால், கை மறைவுக்குள் போன பிறகும் சில செல்கள் துடித்தன. ஒன்றுமில்லை என்று தெரிந்திருந்தால் துடிக்கவில்லை. மருதமலைப் படியில் பைக்குள் போகும் கையும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். அடுத்த வருடம் கடலையை உடைக்கும் சத்தம், காகிதம் கிழிக்கும் சத்தம் காதில் விழுந்தாலே துடிக்கும் செல்களும் கிடைத்தன. கும்மி பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. வட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ வாங்கப் போகிறவர்கூட, கைதட்டல் விழும் இடத்தை வைத்து யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

சோதனைக்கென்று மனிதர் மூளையில் கம்பி செருகிப் பார்க்க முடியாது. அதே குழுவின் லூசியானோ ஃபதிகா 1995-இல் சுற்றுவழியில் போனார்: மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து, ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கைத்தசை எவ்வளவு உஷாராக இருக்கிறது என்று அளந்தார். பிறர் பொருளைப் பற்றுவதைப் பார்த்தால், பற்றுவதற்குத் தேவையான தசைகளின் துடிப்பு கூடியது. பின்னர், வலிப்புச் சிகிச்சைக்காக ஏற்கெனவே மூளையில் மின்முனை வைத்திருந்த 21 நோயாளிகளிடம் கலிஃபோர்னியாவில் நேராகவே பதிவு செய்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், செய்யும்போதும் பார்க்கும்போதும் இயங்கும் தனிச் செல்கள் மனிதரிடமும் கிடைத்தன.

கண்ணாடி நியூரான் என்ற பெயரை ஊர் உலகமெல்லாம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் நம்மவர்: விளையனூர் எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், சான்டியாகோவில் பேராசிரியரானவர். கையிழந்தவருக்கு இல்லாத கையில் வலி வருமே, அதற்கு ஒரு பெட்டியும் முகம்பார்க்கும் கண்ணாடியும் வைத்து வைத்தியம் கண்டவர். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான் செய்யும் என்று 2000-இல் எழுதினார். அதன்பின் பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும். கருணை, மொழி, நாகரிகம், கிரிக்கெட் பார்க்கும்போது வரும் பதற்றம், எல்லாவற்றுக்கும் இதே மருந்து. இந்தக் கண்ணாடி உடைந்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்தும் கிளம்பியது; பிறகு வந்த சோதனைகள் அதைத் தாங்கிப்பிடிக்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் எத்தனை பேர் அந்தக் கருத்தைச் சுமந்துகொண்டு அலைந்தார்களோ.

ஆறப்போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மூளை ஆய்வாளர் கிரெகரி ஹிக்கக் 2014-இல் இதை எதிர்த்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தன்னால் ஒரு செயலைச் செய்ய முடியாமல்போன நோயாளியும் பிறர் அதைச் செய்வதைப் புரிந்துகொள்கிறாரே என்பது அவர் வாதத்தில் ஒன்று. வாதத்தில் நியாயம் இருக்கிறது. காங்கேயம் காளை தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டால் அடுத்து என்ன என்று நமக்கு விளங்குகிறது. நமக்குக் கொம்பு இருந்ததில்லை. பார்மா குழுவே 2004-இல் ஒரு சோதனை செய்தது. நாய் கடிப்பதைப் பார்த்தபோது மனிதர் மூளையின் இயக்கப் பகுதி விழித்தது. நாய் குரைப்பதைப் பார்த்தபோது விழிக்கவில்லை, கண்ணால் பார்க்கும் பகுதியோடு நின்றுவிட்டது. கடிப்பது நாமும் செய்வது. குரைப்பதை நாம் புரிந்துகொள்ளாமல் இல்லை, வெளியில் நின்று புரிந்துகொள்கிறோம்.

கண்ணாடி என்ற பெயரே கோளாறு என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான். முகம்பார்க்கும் கண்ணாடி யார் போய் நின்றாலும் காட்டும். மண்டைக்குள் இருப்பது அவ்வளவு தாராளமானது இல்லை. லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ குழுவினர் பாலே ஆடுபவர்களையும் பிரேசிலின் கப்போய்ரா ஆடுபவர்களையும் மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு ஆட்டத்தையும் காட்டினார்கள். 2005-இல் முடிவு வெளியானது: தான் பழகிய ஆட்டத்தைப் பார்த்தபோது இயக்கப் பகுதிகள் கூடுதலாக எரிந்தன. பாலேக்காரருக்குக் கப்போய்ரா வேடிக்கை. கப்போய்ராக்காரருக்கு பாலே வேடிக்கை.

கண்பழக்கம்தானே காரணம், தினமும் பார்ப்பதால் இருக்கலாமே என்று கேட்கலாம். அதற்குத்தான் அடுத்த வருடம் இன்னொரு சோதனை. பாலேயில் ஆண்கள் மட்டும் போடும் அடி உண்டு, பெண்கள் மட்டும் போடும் அடி உண்டு. ஒரே கூடத்தில் சேர்ந்து பழகுவதால் ஒருவர் அடியை மற்றவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். உடம்பால் செய்தது தன் அடியை மட்டும். கருவிக்குள் படுத்தபோது, தான் செய்த அடிக்கே மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. ஆயிரம் தடவை பார்த்தது அந்த அளவுக்கு உதவவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது லண்டன் இல்லை. என் அம்மா.

“சின்ன வயசுல நோம்பிக்கு நோம்பி ஆம்பளைங்க ஆடுவாங்க. நாங்க கல்லுமேல உக்காந்து பாப்போம். பாட்டெல்லாம் மனப்பாடம். எந்த எடத்துல திரும்போணும், எந்த எடத்துல தட்டோணும்னு சொல்லீருவேன். எந்திரிச்சு ஆடச் சொன்னா ஒண்ணும் வராது போ” என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

முருகன் வள்ளியைத் தேடிவந்து மணமுடிக்கும் கதைதான் முழு ஆட்டமும். கதையில் பாதி வள்ளி. ஆனால் மரபாக அதை ஆடியவர்கள் ஆண்கள். அந்த வழக்கத்தை மாற்றி, பெண்களுக்கும் பழக்கியவர் என்று சொல்லித்தான் கோவை மாவட்டத்தின் மூத்த கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. ரிஸ்ஸோலாத்தி பிறந்தது 1937. இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். ஒருவர் பார்மாவில் பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே மூளையில் உள்ள வழியைத் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர் காலமெல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களை எழுப்பி வட்டத்துக்குள் நிறுத்தினார். இன்று கொங்குத் திடல்களில் பெண்களும் ஆடுகிறார்கள். யார் யார் சேர்ந்து ஆடுகிறார்கள், யார் இன்னும் வெளியே நின்று பார்க்கிறார்கள் என்பதில் சாதிக்கணக்கும் அரசியல்கணக்கும் உண்டு. அது தனியாக எழுதவேண்டியது, ஆனால் வெளியே நிற்பவருக்கு எது போய்ச் சேராமல் போகிறது என்பதை இந்தச் சோதனைகளும் சேர்த்துச் சொல்கின்றன.

மறுபடியும் ரெண்டாவதிடம் வருவோம். அது இன்னும் அக்கா மகளின் மண்டைக்குள் காட்சியாகவே நிற்கிறது. முதல் மூன்று நாள் அவளுக்கு வரவேயில்லை. ஆசிரியர் எதிரே நின்று வலதை வைத்தால் இவள் இடதை வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி முதுகைக் காட்டினார். “அம்மிணி, காலப் பாக்காத. எம் முதுகப் பாரு.” இரண்டே சுற்றில் வலது இடது சரியாகிவிட்டது. எஃப்5 பகுதியின் கண்ணாடிச் செல்களில் பெரும்பாலானவை ஒரே செயலை எல்லாப் பக்கமிருந்தும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரிலிருந்து, பக்கத்திலிருந்து, தன் கையைத் தானே பார்க்கும் கோணத்திலிருந்து என்று தனக்கென ஒரு பக்கம் வைத்திருக்கின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆசிரியருக்கு அந்த ஆய்வைத் தெரியாது. வட்டமாக ஆடும் கூத்தை உண்டாக்கியவர்களுக்கும் தெரியாது. வட்டத்தில் முன்னால் போகிறவரின் முதுகுதான் எப்போதும் நம் கண்ணில் படும்.

நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை எழுதுவதற்கு ஒன்றுமில்லை. தப்பு, மறுபடி தப்பு, கொஞ்சம் குறைந்த தப்பு. நடனக்காரர்கள் ஒரு புது ஆட்டத்தை ஐந்து வாரம் பழகும்போது வாராவாரம் மூளையைப் படம்பிடித்தார்கள் எமிலி கிராஸும் கூட்டாளிகளும், 2006-இல். பழகிய ஆட்டத்தைச் சும்மா பார்க்கும்போது இயக்கப் பகுதிகள் கூடுதலாக எரிந்தன. உளவியலாளர் செசிலியா ஹேய்ஸ் இன்னும் ஒருபடி மேலே போகிறார்: இந்தச் செல்கள் பிறவியில் வந்த வரமே இல்லை, பார்ப்பதும் செய்வதும் சேர்ந்தே நடந்து நடந்து முடிச்சு விழுந்தவை என்கிறார். அவர் குழு 2007-இல் சிலரை வேண்டுமென்றே மாற்றிப் பழக்கியது: திரையில் ஆட்காட்டி விரல் அசைந்தால் நீ சுண்டுவிரலை அசை. பழகிய பிறகு ஆட்காட்டி விரலின் அசைவைப் பார்த்தாலே சுண்டுவிரல் தசை துடித்தது. பழக்கினால் கண்ணாடியையே திருப்பிப் போட்டுவிடலாம். எனக்கு ஹேய்ஸின் கட்சிதான் பிடித்திருக்கிறது, திடலில் பத்துநாள் உட்கார்ந்தவன் என்ற தகுதியில்.

ஒன்பதாம் நாள் அம்மாவின் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். வலதுகால் கட்டைவிரல் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருந்தது. ரெண்டாவதின் தட்டு விழும் இடத்தில் சரியாகத் தட்டு, திருப்பத்தில் நிறுத்தம். எந்திரிச்சு ஆடச்சொன்னால் ஒன்றும் வராது என்றவர். பார்க்கும்போதெல்லாம் மூளை இயக்கத்துக்குத் திட்டம் போடுமென்றால் நாம் ஏன் பார்த்ததையெல்லாம் எழுந்து செய்துவிடுவதில்லை? லண்டனில் அலெக்ஸாண்டர் கிராஸ்கோவும் ரோஜர் லெமனும் 2009-இல் இதற்கு ஒரு தடயம் கண்டார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் செல்களிலும் கண்ணாடி வகை இருக்கிறது; அவற்றில் சில, குரங்கு தானே செய்யும்போது துடித்து, பார்க்கும்போது அடங்கிப்போகின்றன. வண்டியில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டு நிற்பதுபோல. அந்தப் பிரேக்கில் லேசாகக் கசிந்தது அம்மாவின் கட்டைவிரல் வழியாக வந்திருக்கலாம். நான் பார்ப்பதைப் பார்த்ததும் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

அதே ஒன்பதாம் நாள்தான் ரெண்டாவதுக்கு ஒரு விபத்தும் நடந்தது. அக்கா மகள் கைதட்டுவதற்குச் சற்று முன்னால் மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஏதோ ரீல்ஸில் பார்த்ததாக இருக்கும். ஆசிரியர் பாட்டை நிறுத்தினார்.

“அதென்ன அம்மிணி, முறுக்குச் சுத்தற மாதிரி?”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. அடுத்த சுற்றில் சுழற்றவில்லை. அதற்கடுத்த சுற்றில் அவளையும் மீறி வந்துவிட்டது. பின்வரிசையில் அவள் முதுகைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு பொடிசுகளின் கையிலும் அது இருந்தது. இடைவேளையில் ஆசிரியர் என்னிடம் வந்து, “இருக்கட்டுமுங்க, நல்லாத்தான் இருக்குது. ஆனா அரங்கேத்தத்துல வேண்டாம்னு சொல்லீருங்க” என்றார்.

நியூயார்க்கில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1999-இல் வெளியானது. பேசிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவர் காலை ஆட்டினாலோ முகத்தைத் தடவினாலோ மற்றவரும் அறியாமலே அதைச் செய்கிறார். பிறகு கேட்டால் கவனிக்கவேயில்லை என்கிறார். சின்னவர் பெரியவரைப் பார்த்துத்தான் செய்யவேண்டும் என்று இதில் ஒரு சட்டமும் இல்லை.

பத்தாம் நாள் கடைசிச் சுற்று. ஆசிரியர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வட்டத்துக்குள் இறங்கி ஆடினார். வலது முன்னே. இடது வந்து தட்டு. அரைத் திருப்பு. குனிந்து, கைதட்டுவதற்குச் சற்று முன்னால், அவருடைய வலது மணிக்கட்டு ஒரு சுழற்றுச் சுழன்றது. அக்கா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.